கல்லூரி நூலகம் நன்றாக நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வந்த கேள்வி சுருக்கமாக இது: சேலத்தில் ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியை. இந்த ஆண்டு நூலகக் குழுவுக்கு அவரை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். நூலகச் சேவையின் தரத்தை மதிப்பிட்டு முதல்வரிடம் அறிக்கை தர வேண்டும். ‘நூலகத் துறை எனக்குப் புதிது. மாணவர்களுக்கு ஒரு கூகுள் படிவம் அனுப்பி, திருப்தியா இல்லையா என்று கேட்டுச் சதவீதம் போட்டுக் கொடுத்தால் போதுமா?’

போதாது மேடம். கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் ‘87 சதவீதம் பேர் திருப்தி’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நூலகத்தில் ஒரு ரேக்கைக்கூட இடம் மாற்ற முடியாது. இந்தப் பக்கத்துக் கல்லூரி நூலகங்களில் ரொம்ப காலம் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திருப்திப் படிவம் ஏன் ஏமாற்றும் என்று பார்த்துவிடலாம். உங்கள் கல்லூரிக்கு ஓமலூர், வாழப்பாடி, சங்ககிரி, இடைப்பாடி என்று நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நிறைய பேர் வீட்டில் முதல் பட்டதாரி. அவர்கள் படித்த பள்ளியில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடந்த ஒரு பீரோ. அங்கிருந்து வந்தவர்களுக்கு மின்விசிறி சுற்றும் ஒரு பெரிய ஹாலும் வரிசையாக ரேக்குகளும் இருந்தாலே பெரிய விஷயம். ‘நல்லா இருக்கு மேடம்’ என்று மனசாரத்தான் சொல்வார்கள். அந்தப் பதில் அவர்களுடைய எதிர்பார்ப்பு எவ்வளவு என்று காட்டுகிறது, நூலகம் எப்படி இருக்கிறது என்று காட்டவில்லை. போதாக்குறைக்கு கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் முகவரி பதிவாகக்கூடும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். நோ டியூ சான்றில் கையெழுத்துப் போட வேண்டிய ஆளைப் பற்றி யார் குறை எழுதுவார்கள்?

இந்தச் சிக்கலைச் சந்தைப்படுத்தல் துறையினர் 1980களிலேயே கவனித்துவிட்டார்கள். பரசுராமன், செய்தாமல், பெரி என்ற மூவர் ‘சர்வ்குவால்’ என்று ஓர் அளவுமுறை கொண்டுவந்தார்கள். பரசுராமன் நம் சென்னை ஐஐடியில் படித்தவர்தான். எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்ததாக உணர்ந்தது எவ்வளவு என்று இரண்டையும் கேள், இடைவெளியைப் பார் என்பது அதன் சாரம். அதையே நூலகத்துக்கு ஏற்றபடி மாற்றி, அமெரிக்காவின் ஆய்வு நூலகச் சங்கமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் 2000இல் ‘லிப்குவால்’ என்று கொண்டுவந்தன. 22 கேள்விகள். ஊழியர் நடந்துகொள்ளும் விதம், தகவல் எளிதில் கைக்குக் கிடைப்பது, இடம் என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண் போட வேண்டும்: குறைந்தபட்சம் இவ்வளவாவது வேண்டும், இவ்வளவு இருந்தால் நல்லது, இப்போது இவ்வளவுதான் இருக்கிறது.

ஒரு மாணவியின் தாளை வைத்துப் பார்ப்போம். ‘ஊழியர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள்’ என்பதற்குக் குறைந்தபட்சம் 5, விருப்பம் 8, இப்போது 7 என்று போட்டிருக்கிறாள். குறைந்தபட்சத்தைவிட இரண்டு கூடுதல், கவலை இல்லை. ‘தேடிப்போன புத்தகம் அடுக்கில் இருக்கிறது’ என்பதற்குக் குறைந்தபட்சம் 6, விருப்பம் 8, இப்போது 5. ஒன்று குறைகிறது. அதாவது பொறுத்துக்கொள்ளும் எல்லைக்கும் கீழே போய்விட்டது. சாதாரணப் படிவமாக இருந்தால் இரண்டுக்கும் ‘திருப்தி’ என்றே டிக் விழுந்திருக்கும்.

ஆனால் 22 கேள்வியையும் அப்படியே இறக்காதீர்கள். 22ஐ மூன்றால் பெருக்கினால் 66 கட்டம். பத்தாவது கட்டத்துக்கு மேல் பிள்ளைகள் படிக்காமலே ஒரே நேர்கோட்டில் டிக் போட்டுக்கொண்டு போவார்கள். ஏழெட்டுக் கேள்வி, தமிழில், காகிதத்தில், ரோல் நம்பர் இல்லாமல். போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், கருத்துக் கேட்பதைவிட ஒரு சோதனை வைப்பது பத்து மடங்கு மேல். கேட்ட புத்தகம் கேட்ட நேரத்தில் கிடைக்கிறதா என்ற சோதனை. நூலகவியலில் இதைக் கிடைப்பளவு ஆய்வு என்பார்கள். பால் கான்டர் என்பவர் 1970களில் இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார். செலவு ஒரு பைசா கிடையாது.

ஓபேக் கணினி, அதாவது புத்தகப் பட்டியலைத் தேடும் கணினி, பக்கத்திலோ இஷ்யூ கவுன்ட்டர் பக்கத்திலோ ஒருவரை உட்கார வையுங்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு. இரண்டே கேள்வி: எந்தப் புத்தகத்தைத் தேடி வந்தீர்கள்? கிடைத்ததா? சில நாளில் இருநூறு சீட்டு சேர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்று வந்த சீட்டுகளை எடுத்துக்கொண்டு நூலகரோடு உட்கார்ந்து, அன்றைக்கே, ஒவ்வொன்றும் ஏன் கிடைக்கவில்லை என்று பாருங்கள். காரணம் நான்குக்குள் அடங்கிவிடும். நூலகம் அதை வாங்கவே இல்லை. வாங்கியது, ஆனால் வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இடத்தில்தான் இருக்கிறது, தேடியவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இப்படிப் பிரிப்பதில் என்ன லாபம் என்றால், நான்குக்கும் மருந்து வேறு. முதலாவதற்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்குக் கூடுதல் பிரதி, அல்லது கடன் நாளைக் குறைப்பது. மூன்றாவதற்கு அடுக்கைச் சரிபார்க்க ஆள். நான்காவதற்கு முதலாண்டுப் பிள்ளைகளை ரேக்குக்கு நடுவில் நிற்கவைத்து, புத்தக முதுகில் ஒட்டிய சீட்டில் இருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பது. ‘புத்தகம் போதவில்லை, பட்ஜெட் கூட்டுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதும் அறிக்கையில் இந்த நான்கும் ஒன்றாகக் குழம்பிப் போகும்.

கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். பிள்ளைகள் கேட்பதில் 90 சதவீதம் உங்களிடம் வாங்கி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதம் வெளியே போகாமல் உள்ளே இருக்கிறது. அதில் 85 சதவீதம் சரியான இடத்தில் இருக்கிறது. அதில் 90 சதவீதத்தைப் பிள்ளைகள் தேடி எடுத்துவிடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல மதிப்பெண். நான்கையும் பெருக்கினால் 55 சதவீதம்தான் வருகிறது. நூறு பேர் வந்தால் நாற்பத்தைந்து பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பதறிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் இப்படிச் செய்த ஆய்வுகளும் சராசரியாக 60 சதவீதத்தை ஒட்டியே முடிந்திருக்கின்றன. உங்களுடையது முதல்முறை 50 வந்தாலும் அது அவமானம் இல்லை. அடுத்த ஆண்டு எவ்வளவு ஏறியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெளியே தெரியவே தெரியாது. கணினியில் பார்த்தால் ‘இருக்கிறது’ என்று காட்டும். ரேக்கில் இருக்காது. எங்கே இருக்கும்? பைண்டிங்குக்கு என்று கட்டிய மூட்டையில், கட்டி ஆறு மாதமாகியும் ஆள் வராமல் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும். துறை அலமாரியில், பேராசிரியர் ஒருவர் கணக்கில் ஏற்றாமல் கொண்டுபோய் வைத்தது. இல்லாவிட்டால் வேறு ரேக்கில். உங்கள் துறையிலேயே இது நடக்கும்: இன்டர்னல் தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகம் மொத்தமும் மாயமாகிவிடும். தாவரவியல் ரேக்கின் கடைசித் தட்டில், தடித்த புத்தகங்களுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், இரண்டு பிரதி படுத்துக் கிடக்கும். கார்டில் ஏற்கெனவே இரண்டு புத்தகம் எடுத்துவிட்ட பையன், மூன்றாவதை நாளைக்கு என்று ஒளித்து வைத்திருப்பான். அவனைத் திட்டிப் பயனில்லை. பிரதி போதவில்லை என்று அவன் தன் வழியில் சொல்கிறான், அவ்வளவுதான்.

அடுத்து, இருக்கிற புத்தகம் பயன்படுகிறதா? நூலகர் காட்டும் மொத்த எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். வாங்கிய புத்தகங்களை எண் போட்டுப் பதியும் அக்சஷன் ரெஜிஸ்டரிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நூறு எண்களைப் பொறுக்குங்கள். அந்த நூறு புத்தகத்தையும் ரேக்கிலிருந்து எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். தேதிச் சீட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரு சீட்டில் ரப்பர் ஸ்டாம்ப் மேலும் கீழுமாக இடமில்லாமல் விழுந்து, மேலே இன்னொரு சீட்டு ஒட்டி அதுவும் பாதி நிரம்பியிருக்கும். அடுத்த புத்தகம் வெளிநாட்டுப் பதிப்பு, விலை நான்காயிரம், சீட்டு வெள்ளை வெளேரென்று இருக்கும், தாள்கூட ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்கிய தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு குழு ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய மாதமாக இருக்கும். கோஹா, சோல் போன்ற நூலக மென்பொருள் வைத்துத் தானியக்கம் செய்திருந்தால் இன்னும் சுலபம். ஐந்து ஆண்டாக ஒருமுறைகூட வெளியே போகாத புத்தகங்களின் பட்டியலைக் கணினியே தந்துவிடும்.

இது நம்மூர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் செய்த ஓர் ஆய்வு 1979இல் வெளியானது. வாங்கிய புத்தகங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கடனாகப் போகவில்லை என்று அதில் தெரிந்தது. பெரிய சண்டையே நடந்தது அதை வைத்து. அதற்காக, போகாத புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போடச் சொல்லவில்லை. சேலம் அரசு கலைக் கல்லூரி 1857இல் தொடங்கியது. அந்த மாதிரிப் பழைய இடங்களில் சீட்டு காலியாக இருக்கும் ஒரு புத்தகம் வேறெங்குமே கிடைக்காததாக இருக்கலாம். உங்கள் கல்லூரியின் வயதுக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறேன். உங்களிடம் காலிச் சீட்டு என்றால் தப்பான கொள்முதல் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் புத்தகம் எத்தனை என்றும் பாருங்கள். தமிழ்வழியில் பிளஸ் டூ படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடநூலைக் கையில் கொடுத்து ‘ரெஃபர் பண்ணு’ என்றால் அது எங்கே போகும்? தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் கல்லூரிப் பாடங்களுக்கென்று தமிழில் நிறைய நூல்கள் வெளியிட்டது. பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இப்போது இலவசமாகப் படிக்கலாம். வரிச்சட்டம், கம்பெனிச் சட்டம் மாதிரியான பாடங்களுக்கு அவை பழசு. பொருளியல் அடிப்படை, வரலாறு, தாவரவியல் போன்றவற்றுக்கு இன்றும் உதவும்.

வருகைப் பதிவேட்டுக்கு வருவோம். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் அமைப்பு இதுவரை பின்பற்றிவந்த அளவுகோல்களில் நான்காவது, உள்கட்டமைப்பும் கற்றல் வளங்களும். அதில் நூலகத்துக்குத் தனிப் பகுதி உண்டு. தானியக்கம், மின்வளச் சந்தா, செலவு, பயன்பாடு இவைதான் அங்கே கேட்கப்பட்டவை. பயன்பாட்டுக்குச் சான்றாகப் பதிவேட்டை நகல் எடுத்து வைப்பது வழக்கம். ஆகையால் கால அட்டவணையில் ‘லைப்ரரி ஹவர்’ போட்டு, அறுபது பேரை வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டால் எண்ணிக்கை கூடிவிடும். பேப்பர் படிக்க வந்தவர், செல்போனுக்குச் சார்ஜ் போட வந்தவர், பஸ்ஸுக்கு நேரமாகும் என்று உட்கார்ந்தவர் எல்லாரும் அதில் அடக்கம். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உட்கார ஓர் அமைதியான இடம் கொடுப்பதும் நூலகத்தின் வேலைதான். ஆனால் லைப்ரரி ஹவரில் வந்த கையெழுத்தைத் தனியாகவும், தானாக வந்த கையெழுத்தைத் தனியாகவும் எண்ணுங்கள். இரண்டாவது எண்தான் உண்மை.

நேரம் பற்றி ஒரு விஷயம் யாரும் கேட்பதில்லை. பலகையில் காலை 9 முதல் மாலை 5 வரை என்று எழுதியிருக்கும். வகுப்பு மூன்றரைக்கு முடிந்து, மூன்றே முக்காலுக்குக் கல்லூரிப் பஸ் கிளம்பிவிடுகிறது என்றால், அதற்குப் பிறகு திறந்திருப்பது யாருக்கு? ஏற்காட்டிலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து நாகலூரோ வாழவந்தியோ போக இன்னொரு பஸ் பார்க்க வேண்டும். அவள் சாயங்காலம் நூலகத்தில் உட்கார வாய்ப்பே இல்லை. செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வேலைக்குப் போகும் பையன்களும், வீட்டில் தறிக்கு உட்காருபவர்களும் அப்படித்தான். இவர்களுக்கு நூலகம் என்றால் மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான். பல கல்லூரிகளில் கவுன்ட்டரை மூடிவைப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்! திறந்திருக்கும் நேரத்தை எழுதாமல், மாணவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் கவுன்ட்டரில் ஆள் இருந்த நேரம் எவ்வளவு என்று எழுதுங்கள். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகவியல் படித்த எல்லாரும் தேர்வில் அதை எழுதியிருப்போம்.

மின்வளங்களுக்கு ஒரே ஒரு சோதனை போதும். கல்லூரிகளுக்கென்று காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும், மின் ஆய்விதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் உண்டு. மூன்றாமாண்டு வகுப்பில் போய், ‘உங்கள் லாகின் யாருக்கெல்லாம் தெரியும், இப்போது ஒரு கட்டுரையைத் திறந்து காட்டுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை கை உயர்கிறது என்பதே மதிப்பீடு. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தைப் பற்றி உங்களிடம் யாராவது பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் என்பதெல்லாம் சரி. ஆனால் அது மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காகத் தொடங்கியது. சுயநிதிக் கல்லூரிக்கு அதை நம்பி மற்ற சந்தாவை நிறுத்திவிட முடியாது. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, பொதுவாகப் படிக்க கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம், இரண்டும் எல்லாருக்கும் இலவசம். இவற்றைப் பற்றி ஒரு துண்டு அறிவிப்பாவது நூலகச் சுவரில் இருக்கிறதா பாருங்கள்.

கட்டடம், இருக்கை, வெளிச்சம், குடிநீர், கழிப்பறை இதெல்லாம் நேரில் பார்த்தாலே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஒழுகும் சுவரோரம் ரேக் இருந்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுப் பக்கம் நூலகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை ஆண்டு முழுக்க உண்டு. ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் அட்டையில் பூஞ்சை பிடித்துவிடும், அந்துருண்டை அதற்கு எந்த உதவியும் செய்யாது.

தொலைந்த புத்தகம் பற்றி அறிக்கையில் எழுதும்போது கவனம். இருப்புச் சரிபார்ப்பில் பத்துப் புத்தகம் குறைந்தால் நூலகர் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தப் பயத்தில்தான் ரேக்கைத் திறந்துவிடாமல், சீட்டு எழுதிக் கொடு, அட்டென்டர் எடுத்து வருவார் என்று வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே, ஓராண்டில் கடன் கொடுத்ததும் அங்கேயே படிக்கக் கொடுத்ததுமான ஒவ்வொரு 1,000 நூலுக்கு 5 நூல் தொலைவதை நியாயமான இழப்பு என்று ஏற்கின்றன. உங்கள் கல்லூரியை அந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நிர்வாகத்திடம் பேசும்போது கையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு புத்தகம்கூடத் தொலையாத நூலகம் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அறிக்கை இரண்டு மூன்று பக்கம் போதும். கிடைப்பளவு எவ்வளவு, கிடைக்காததற்கான நான்கு காரணம் எந்த விகிதத்தில், தேதிச் சீட்டில் கண்டது, கவுன்ட்டர் நேரம், லாகின் சோதனை. பரிந்துரையில் காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் போடுங்கள்: மதிய நேரத்தில் கவுன்ட்டரைத் திறப்பது, துறை அலமாரியில் கிடப்பதைத் திரும்ப வாங்குவது, தேர்வு நேரத்தில் கடன் நாளைக் குறைப்பது. அவை நடந்து பலன் தெரிந்த பிறகு புத்தகத்துக்குப் பணம் கேட்டால் முதல்வரால் மறுக்க முடியாது. அப்புறம் ஒன்று, நூலகரை ஆரம்பத்திலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். தன்னைச் சோதிக்க வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டால் இருநூறு சீட்டும் ‘கிடைத்தது’ என்றே வரும்.

சோதனையை முதல் இன்டர்னலுக்கு முந்தைய வாரத்தில் வையுங்கள். ஜூன் கடைசியில் வைத்தால் எல்லாப் புத்தகமும் ரேக்கில்தான் இருக்கும்.